352 முதல் 355 வரை

மார்ச் 2
சுரங்கப் பாதை வேலைத்தளம்

தலைமை அலுவலகத்தின் எண் பட்டியல் அதிகாரி அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய ஒற்றைப் பக்கப் பட்டியல் சாமான் லாரியில் வந்து சேர்ந்தது. கோடுகள் நேராக இருக்கின்றன. கையெழுத்து பெரிதாக இருக்கிறது. பட்டியலில் கண்டபடியே அறுபத்துநான்கு வாக்கி டாக்கிகளுக்கும் எண் ஏற்றிவிட்டேன். தோண்டும் குழு 352, வெடிக் குழு 353, லாரிகள் 354, அடிவாரத்து மீட்பு நிலையத்தைக் கூப்பிட 355. ஒரு செட்டுக்கு நான்கு நிமிடம் பிடித்தது.

ஒரு புகார். தனித்தனியாகப் பேச வேண்டிய நான்கு குழுக்களும் ஒன்றாகக் கலந்து பேசுகின்றன. நேற்று வெடிக் குழு பத்திலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வந்தது லாரிகளிலும் கேட்டது. ஒரு டிரைவர் வளைவிலேயே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓட்டமெடுத்தார். பின்னால் மூன்று லாரி. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பட்டியலைச் சரிபார்த்துச் சொல்லவும்.

பதினெட்டாம் தேதி கம்பித் தொலைபேசியைக் கழற்றப்போகிறார்கள். அதற்குப் பிறகு சுரங்கத்துக்குள் யாருக்கு எது நடந்தாலும் இந்த செட்தான் கதி. வெடிக் குழுவுக்கு மேஸ்திரி யார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் மனைவிக்குத் தம்பி, என் மனைவிக்கு அண்ணன். உங்களுக்கு மச்சினன், எனக்கு மச்சான். அந்த வீட்டுக்கு ஒரே பிள்ளை.

போன் செய்திருக்கலாம். ஆனால் இங்கே இருக்கும் ஒரே கம்பி மேனேஜர் மேஜை வழியாகத்தான் போகிறது. நம் வீட்டுச் சண்டையை அவர் டீயோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஸ்குரூ முடுக்குபவன்


மார்ச் 5
தலைமை அலுவலகம்

அன்புள்ள சகலைக்கு,

எட்டு மாதம் கழித்து ஒரு கடிதம். அதிலும் "அதிகாரி அவர்களுக்கு". சந்தோஷம். மாமனார் வீட்டில் நாலு பேர் முன்னால் நான் ஏதோ விளையாட்டாகச் சொன்னதை இன்னும் கையெழுத்தாகப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். "இவரு ஸ்குரூ முடுக்குற உத்தியோகம்" என்று சொன்னதற்கு எல்லோரும்தான் சிரித்தார்கள். கோபம் என் மேல் மட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். பட்டியலில் பிழை இல்லை. அதை நான் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துத்தான் அனுப்பினேன். இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை நீங்கள் ஒருமுறை பொறுமையாகப் படித்தால் நல்லது. பழைய செட்களில் குழுவுக்கு ஓர் அலைவரிசை என்று நிலையாக இருந்தது. இதில் அப்படி இல்லை. நீங்கள் பொத்தானை அழுத்தியதும், மத்திய இயந்திரம் அந்த நேரத்தில் காலியாக இருக்கும் ஏதாவது ஓர் அலைவரிசையைப் பிடித்துக் கொடுக்கும். அதே குழு எண்ணை வைத்திருக்கும் செட்கள் மட்டும் அந்த இடத்துக்கு ஓடி வந்து கேட்கும். ஆக, குழுவைக் கட்டி வைத்திருப்பது எண் ஒன்றுதான். இதே அமைப்பில் நகரத்து பஸ் டிப்போ, குடிநீர், துறைமுகம் எல்லாரும் இருக்கிறார்கள். அவரவருக்கு அவரவர் எண்.

நான்கு வெவ்வேறு எண்கள் கொடுத்திருக்கிறேன். நான்கும் ஒன்றாகக் கேட்கிறதென்றால் ஏற்றிய கையில்தான் கோளாறு. கேபிளை ஒழுங்காகச் செருகினீர்களா என்று பாருங்கள். மீட்பு நிலையத்து செட்களுக்கு நானே இங்கே என் மேஜையில் உட்கார்ந்து எண் ஏற்றினேன். மணி மாதிரிப் பேசுகின்றன.

மச்சினன் மேல் அக்கறை உங்களுக்கு மட்டும் இருப்பது போல எழுத வேண்டாம். அவன் என் கல்யாணத்தில் என் பக்கத்திலேயே நின்றவன்.

அன்புடன்,
பெரியவன்


மார்ச் 8
வேலைத்தளம்

அதிகாரி அவர்களுக்கு,

பாடத்துக்கு நன்றி. கேபிளைச் செருகத் தெரியும். பன்னிரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே அறுபத்துநான்கையும் திரும்பப் படித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நீங்கள் கொடுத்த எண்தான் இருக்கிறது. ஒரு இலக்கம்கூடப் பிசகவில்லை. பிறகு 355ஐப் போட்டு மீட்பு நிலையத்தைக் கூப்பிட்டேன். பொத்தானை அழுத்தியதும் பேசலாம் என்கிற பீப் சத்தம் ஒழுங்காக வந்தது. பேசினேன். பதில் இல்லை. பதினேழு முறை கூப்பிட்டேன். கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது.

"யாருங்க நீங்க? ரெண்டு நாளா பத்து, ஒம்போது, எட்டுன்னு எண்ணிக்கிட்டே இருக்கீங்க. எங்களுக்கு வேலை ஓட மாட்டேங்குது."

"மீட்பு நிலையமா?" என்றேன்.

"மீட்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது பஸ் கழுவுற இடம். உங்களுக்கு எதுனா பஸ் கழுவணுமா?"

ஆக, உங்கள் மணி மாதிரிப் பேசும் நிலையத்துக்கு எங்கள் குரல் போகவில்லை. நகரத்தில் பஸ் கழுவுகிறவர்களுக்குப் போகிறது. வேலைத்தளத்துக்குள் நாங்கள் ஒருவரோடு ஒருவர் நன்றாகப் பேசிக்கொள்கிறோம். அதனால் மேனேஜர் "எல்லாம் சரியா இருக்கே" என்று சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் சொல்வதை அவர் காதில் வாங்கவில்லை. தலைமை அலுவலகத்துப் பட்டியல் தப்பாக இருக்காதாம். உங்கள் பேருக்கு அவ்வளவு மரியாதை.

மச்சான் நேற்று என் அறைக்கு வந்து செட்டை மேஜை மேல் வைத்துவிட்டுக் கேட்டார். "மாப்ளே, இதை நம்பி உள்ள போகலாமா?" சகலையைக் கேட்டிருக்கிறேன் என்று சொன்னேன். "ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா?" என்று அவருக்கு அத்தனை சந்தோஷம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தச் சந்தோஷத்துக்காகவாவது பதில் போடுங்கள். இன்னும் பத்து நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஸ்குரூ


மார்ச் 11
தலைமை அலுவலகம்

அன்புள்ள சகலை,

உங்கள் கடிதம் கண்டேன். பதற்றப்பட வேண்டாம். சின்ன விஷயம்தான்.

எண் ஏற்றும் மென்பொருளில் மூன்றாவது பக்கத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கும். எண் வகை என்று கேட்கும். அது பத்தின் வகையில், அதாவது நாம் சாதாரணமாக எண்ணும் கணக்கில், நிற்கிறது என்று நினைக்கிறேன். அதைப் பதினாறின் வகைக்கு மாற்றிவிட்டு, அதே எண்களை மறுபடி ஏற்றிவிடுங்கள். எல்லாம் சரியாகிவிடும்.

பட்டியலின் தலைப்பு வரியில் இது குறிப்பிடப்பட்டிருக்கும். அச்சில் விடுபட்டிருக்கலாம். பதினாறின் வகையில் ஒன்பதுக்கு மேல் ஏ, பி என்று எழுத்துகள் தொடரும்; மற்ற வேலைத்தளங்களின் எண்களில் 35ஏ, 35பி என்று அவை வரும். பார்த்தவுடனே அது பதினாறின் வகை என்று தெரிந்துவிடும். உங்கள் நான்கிலும் வெறும் இலக்கங்களாகவே அமைந்துவிட்டது தற்செயல்.

இதை மேனேஜர் வரைக்கும் கொண்டுபோக வேண்டியதில்லை. அடுத்த மாதம் இங்கே பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. இந்த நேரத்தில் எழுத்தில் ஏதாவது போனால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்க நாலு பேர் இருக்கிறார்கள். நமக்குள் முடித்துக்கொள்வோம்.

பஸ் கழுவும் இடத்திலிருந்து வந்த புகாரையும் தீர்த்துவிட்டேன். அவர்களை வேறு எண்ணுக்கு மாற்றியாயிற்று. இனி உங்கள் எண்ணிக்கை அவர்களைத் தொந்தரவு செய்யாது.

பெரியவள் உங்களை விசாரித்தாள். தங்கையை ஒருமுறை போன் பண்ணச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பெரியவன்


மார்ச் 15, காலை
வேலைத்தளம்

அதிகாரி அவர்களுக்கு,

"விடுபட்டிருக்கலாம்." இந்த ஒரு சொல்லை இரண்டு நாளாக வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறேன். விழுங்க முடியவில்லை.

உங்கள் பட்டியலின் மேல் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தலைப்பு வரியை வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்து நகல் எடுத்திருக்கிறீர்கள். ஒட்டிய தாளின் விளிம்பு மெல்லிய கோடாக விழுந்திருக்கிறது. ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும், அடியில் உங்கள் கையெழுத்து பெரிதாக வர வேண்டும். அதற்கு இடம் போதவில்லை. அதுதானே நடந்தது?

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். எந்த வகை எண் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உங்களிடம் போய் ஒன்றைக் கேட்பதா என்கிற வீம்பு. இலக்கங்களைப் பார்த்தேன், பத்தின் வகை என்று எடுத்துக்கொண்டேன். பத்தின் வகையில் ஒவ்வொரு குழுவுக்கும் பதினாறு எண் ஒதுக்கீடு. 352லிருந்து 367 வரை எதைப் போட்டாலும் இயந்திரம் அதைப் பதினாறால் வகுத்து, மிச்சத்தைத் தள்ளிவிட்டு 352 என்றே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் நான்கு குழுவும் ஒன்றாயிற்று. உங்கள் 352 பதினாறின் வகையில் 850ஆவது குழு; குழுவுக்குப் பதினாறு என்று பெருக்கினால் பத்தின் வகையில் 13600. எங்கே 352, எங்கே 13600. மீட்பு நிலையம் அந்தத் தெருவில் உட்கார்ந்திருக்கிறது, நாங்கள் இந்தத் தெருவில் கத்திக்கொண்டிருக்கிறோம்.

பார்த்தீர்களா, ஸ்குரூ முடுக்குகிறவனுக்கும் கணக்குத் தெரிகிறது.

இப்போது கேளுங்கள். கட்டத்தை மாற்றுவது எனக்கு ஒரு வேலையே இல்லை. ஆனால் மேனேஜர் கையெழுத்துப் போட்டு முடித்த அறுபத்துநான்கு செட்டையும் நானாகத் திறந்து மாற்றினால், முதலில் தப்பாக ஏற்றியவன் நான் என்றுதான் ஆகும். நீங்கள் வாயே திறக்க மாட்டீர்கள். பட்டியல் வகை குறிப்பிடாமல் அனுப்பப்பட்டது என்று ஒரு கடிதம் வேண்டும். உங்கள் கையெழுத்தோடு, மேனேஜருக்கு நகலோடு. அது வரும்வரை எந்த செட்டையும் தொட மாட்டேன். இது பதினேழாம் தேதி உங்கள் கையில் கிடைக்கும்; அன்றே தனி ஆளிடம் கொடுத்தனுப்பினால் பதினெட்டுக்கு நேரம் இருக்கிறது.

நாலு பேர் முன்னால் சிரிக்க வைத்தீர்கள். நாலு பேர் முன்னால் ஒரு வரி எழுதுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

லாரி வரும் நேரம். வாசலுக்குப் போய் டிரைவரிடம் என் கையாலேயே கொடுக்கப்போகிறேன். உங்கள் கையிலேயே சேர்க்கச் சொல்லி.

இப்படிக்கு,
ஸ்குரூ


மார்ச் 17
தலைமை அலுவலகம்

சகலை,

செய்தி முந்தாநாள் சாயங்காலமே வந்துவிட்டது. உங்கள் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. மேலே பதினைந்தாம் தேதி, காலை என்று போட்டிருக்கிறீர்கள். நீங்கள் இதை எழுதி முடித்த நேரத்தில்தான் உள்ளே கூரைப் பாறை இறங்கியிருக்கிறது.

விசாரணைக் குழு இங்கே எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னது. விழுந்த பாறை கம்பியையும் அறுத்துவிட்டது. மச்சினன் முழங்காலுக்குக் கீழே மாட்டிக்கொண்டு செட்டில் கூப்பிட்டிருக்கிறான். தளம் முழுக்கக் கேட்டிருக்கிறது. எல்லோரும் 355ஐப் போட்டு மீட்பு நிலையத்தைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பீப் வந்திருக்கிறது. அந்தச் சத்தத்தை நம்பி நாற்பது நிமிடம் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கடைசியில் உங்கள் செட்டில்தான் நிலையம் கிடைத்திருக்கிறது. இங்கே எல்லோரும் உங்களைப் பாராட்டுகிறார்கள். கடவுள் அந்த ஒரு செட்டையாவது பேச வைத்தாரே என்று பெரியவள் அழுதாள். என்னோடு அவள் பேசவில்லை.

நான் மறைத்ததை எழுதிவிடுகிறேன். மார்ச் பத்தாம் தேதி உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. தலைப்பு வரியை நான்தான் மறைத்தேன். நீங்கள் எழுதியிருக்கிற அதே காரணம்தான். போனை மூன்று முறை எடுத்தேன். மேனேஜர் குரல் கேட்டதும் மூன்று முறையும் வைத்துவிட்டேன். "எண் வகையை மாத்துங்க சார்" என்று நாலு வார்த்தை. சொல்லியிருந்தால் என் மானம் போயிருக்கும், அவன் கால் இருந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த பஸ் கழுவும் பெண். அவள் அந்த எண்ணிலேயே இருந்திருந்தால் மச்சினன் கத்தியதைக் கேட்டிருப்பாள். யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்லியிருப்பாள். அவளை அங்கிருந்து நகர்த்தியது நான். புகார் வெளியே தெரியக் கூடாதென்று நகர்த்தினேன்.

இன்று காலை விசாரணைக் குழு முன்னால் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதிக் கொடுத்துவிட்டேன். முழுப் பொறுப்பும் என்னுடையது. தள டெக்னீஷியன் மேல் எந்தத் தவறும் இல்லை, அவர் முதல் நாளிலிருந்தே எச்சரித்தார் என்று எழுதியிருக்கிறேன். இத்தோடு அதன் நகல். மேனேஜருக்கும் ஒரு நகல் போகிறது. நீங்கள் கேட்ட கையெழுத்து இதோ.

வேலை போகும். போகட்டும். கால் எந்த அளவுக்கு எடுத்தார்கள் என்று யாரும் எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். நீங்களாவது சொல்லுங்கள்.

பெரியவன்


மார்ச் 20
அடிவாரத்து மருத்துவமனை, இரண்டாம் மாடி

அண்ணே,

இடது கால். முழங்காலுக்கு நாலு விரல் கீழே. இன்னும் முக்கால் மணி நேரம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பாதத்தோடு நிறுத்தியிருக்கலாம், ஒருவேளை முழுசாகவே காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

உங்கள் வாக்குமூலத்தைப் படித்தேன். அதை அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். நீங்கள் போய்விடுவீர்கள், நான் நல்லவனாக இருந்துவிடுவேன். என் மனைவி தினமும் பிளாஸ்கில் டீ கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, "நீங்க மட்டும் இல்லேன்னா அண்ணன் இல்ல" என்கிறாள். வார்டில் எல்லோரும் எழுந்து எனக்கு நாற்காலி கொடுக்கிறார்கள். அந்த ஒரு செட் மட்டும் எப்படிப் பேசியது என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. விசாரணைக் குழுவும் கேட்கவில்லை. கடவுள் என்று அவர்களே முடித்துக்கொண்டார்கள்.

மச்சான் கேட்டார். நேற்று மத்தியானம். மயக்கம் முழுசாகத் தெளிந்து, தண்ணீர் குடித்துவிட்டு, முதல் கேள்வியே அதுதான்.

"உங்க செட்டு மட்டும் எப்படி மாப்ளே போச்சு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அதை மட்டும் மாத்தி வெச்சிருந்தேன் மச்சான்."

"எப்ப?"

"பத்தாம் தேதி."

ஆமாம் அண்ணே. நீங்கள் உங்கள் மேஜையில் புரிந்துகொண்ட அதே நாள். அன்றைக்கு 352ஐப் பதினாறால் வகுத்துப் பார்த்தேன். மிச்சம் இல்லாமல் வகுபட்டது. 353க்கு மிச்சம் ஒன்று, 354க்கு இரண்டு. அப்போதே பிடிபட்டுவிட்டது. என் செட்டில் மட்டும் வகையை மாற்றி மீட்பு நிலையத்தைக் கூப்பிட்டேன். "மலையில இருந்து இன்னைக்குத்தான் முதல் தடவையா சத்தம் வருது" என்றார் அங்கே இருந்தவர். சும்மா சோதனை என்று சொல்லிவிட்டு வைத்தேன். உங்கள் கடிதம் எனக்கு வந்தது பதின்மூன்றாம் தேதி. எந்த செட்டையும் தொட மாட்டேன் என்று உங்களுக்கு எழுதியது வெறும் நாடகம். எனக்குச் செட் சரியாக வேண்டியிருக்கவில்லை. நீங்கள் தலை குனிந்து எழுதும் ஒரு வரி வேண்டியிருந்தது.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. என் செட் சரியான எண்ணுக்குப் போய்விட்டதால், தப்பான எண்ணில் பேசிய யாருடைய குரலும் அதில் கேட்காது. மச்சான் கத்தியதைத் தளத்தில் மற்ற எல்லா செட்களும் கேட்டன. என் இடுப்பில் இருந்தது மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தது. லாரி அன்றைக்குத் தாமதம். அந்த நாற்பது நிமிடமும் நான் வாசலில் நின்றேன். பிறகு டிரைவரிடம் கடிதத்தைக் கொடுத்து, "அவர் கையிலயே குடுக்கணும், வேற யாருகிட்டயும் குடுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ஒருவர் என்னைத் தேடி ஓடி வந்தார்.

மச்சானிடம் இதையும் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பத்துல இருந்து பதினஞ்சு வரைக்கும் எதுக்குக் காத்துக்கிட்டு இருந்தீங்க?"

"சகலை லெட்டருக்கு."

"எங்க குழுவுல ஆறு செட்டு. ஆறையும் மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருபத்திநாலு நிமிஷம் மச்சான்."

அவர் திட்டவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு, "இவரை வெளிய இருக்கச் சொல்லுங்க" என்றார். நேற்றிலிருந்து வெளியே பெஞ்சில்தான் இருக்கிறேன். என் மனைவி உள்ளே போய்விட்டு வந்தாள். பிளாஸ்கை எடுத்துக்கொண்டு பெஞ்சின் மறு முனையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

உங்கள் வாக்குமூலத்தின் நகலைத் திருப்பி அனுப்புகிறேன். "டெக்னீஷியன் மேல் எந்தத் தவறும் இல்லை" என்ற வரியை நான் அடித்துவிட்டேன். கையெழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அதில் எழுதியிருப்பது கீழே உள்ளது. குழுவிடம் நாளை நேரிலும் சொல்கிறேன்.

"எண் வகை தவறு என்பது மார்ச் பத்தாம் தேதியே எனக்குத் தெரியும். என்னுடைய செட்டை மட்டும் திருத்திக்கொண்டேன். வெடிக் குழுவின் ஆறு செட்களும் என் அறைக்கு எதிரே இருக்கும் அலமாரியில்தான் தினமும் சாயங்காலம் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. ஐந்து சாயங்காலமும் நான் அந்த அறையில் இருந்தேன்."